மீன்சட்டி வழியாக விசாரிக்கப்படும் சாதி

ஒரகடத்தில் அறை தேடியபோது சம்பளத்துக்கு முன்பே, "கவிச்சி சமைப்பீங்களா?" என்றார்கள். சாதியை நேராகக் கேட்கக் கூசுகிறவர்கள் மீன்சட்டி வழியாக விசாரிக்கிறார்கள்.

தோசைக்கல்லில் ஜிலேபி மீனை முறுகவிட்டு, புளிக்கரைசலில் வெல்லமும் பூண்டும் காய்ந்த மிளகாயும் போட்டுச் சுண்டவைத்து மேலே ஊற்றுவேன். புளி தூக்கலாக இருக்கணும். ஓட்டலில் இதே மாதிரி செய்தால் 'ஸ்வீட் அண்ட் சோர்', விலை கொடுத்துச் சாப்பிடுவார்கள். நம் அறையில் நாற்றமாம்!

சமைக்க இடமில்லாதவர்கள் விடுதியில் போட்டதைத்தான் தின்ன வேண்டும். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் 159 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். மற்றவர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தார்கள்.

தோழர்களே, 'சைவம் மட்டும்' பலகையைச் சாதிப் பாகுபாடாகவே தொழிற்சங்கங்கள் கையிலெடுக்க வேண்டும். சம்பளக் கோரிக்கைக்குப் பக்கத்திலேயே அடுப்பையும் எழுதுங்கள்.