எந்த டிரான்ஸ்பார்மரில் ஓட்டை?

கோடை இரவில் டிரான்ஸ்பார்மர் புகைந்து அணைகிறது. தெருவே வாசலுக்கு வந்துவிடுகிறது. லைன்மேன் கம்பத்தில் ஏறி, பாதி வீடுகளை அடுத்த தெரு டிரான்ஸ்பார்மருக்கு மாற்றிக் கொடுக்கிறார். எல்லோரும் தூங்கப் போகிறார்கள். மாற்றிய விவரம் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

மின் விநியோகக் கணக்கு கெடுவது இப்படித்தான். டிரான்ஸ்பார்மர் வழியே போன யூனிட்டிலிருந்து, அதை நம்பியுள்ள வீடுகளின் மீட்டரில் பதிவான யூனிட்டைக் கழித்தால் மிச்சம்தான் இழப்பு. எந்த வீடு எதில் இணைந்திருக்கிறது என்பதே தப்பென்றால், ஒரு தெரு முழுக்கத் திருடர்கள் போலத் தோன்றும்; அடுத்த தெருவிலோ வந்ததை விட விற்றது அதிகம் என்று கணக்கு சொல்லும்.

2021ல் மத்திய அரசு தொடங்கிய விநியோகச் சீரமைப்புத் திட்டத்தின் மதிப்பு 3 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். 25 கோடி ஸ்மார்ட் மீட்டர்கள் என்ற இலக்கைப் பற்றித்தான் பேச்செல்லாம். கம்பம், கம்பி, இணைப்பு ஆகியவற்றைக் காட்டும் வரைபடத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. இத்தனைக்கும் 2008ல் வந்த திட்டத்திலேயே அந்த வேலை உண்டு. வரைந்ததோடு சரி, லைன்மேன் அதன் பிறகும் கம்பம் ஏறிக்கொண்டுதான் இருக்கிறார்.

வரைபடம் சரியாக இருந்தால் மீட்டர் பேசத் தொடங்கும். கம்பியில் ஓடும் மின்னோட்டம் இரட்டித்தால் வெப்பமாக வீணாவது நான்கு மடங்காகும். கம்பியின் நீளமும் தடிமனும் தெரிந்தால் நியாயமான இழப்பைக் கணக்கிட்டுவிடலாம். ஊர் உறங்கும் விடிகாலையிலும் இழப்பு இறங்கவில்லையா? கம்பியைக் குறை சொல்ல முடியாது. எங்கோ கொக்கி தொங்குகிறது, அல்லது ஒரு மீட்டர் கெட்டுக் கிடக்கிறது. அரை மணிக்கொரு முறை பதிவு செய்யும் மீட்டரால்தான் இதைப் பிடிக்க முடியும். மாதாந்திர ரீடிங்கில் எல்லாம் கலந்துவிடும்.

டெல்லியில் 2002ல் விநியோகம் தனியாருக்குப் போனபோது இழப்பு 50 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. அது ஒற்றை இலக்கத்தை நெருங்கியது பெரும்பாலும் ஸ்மார்ட் மீட்டர் வருமுன்பே: எலக்ட்ரானிக் மீட்டர், கொக்கி மாட்ட முடியாத உறையிட்ட கம்பி, வரைபடம், விடாத சோதனை.

கிராமத்துக் கதை வேறு. பல மாநிலங்களில் பம்புசெட்டுகளுக்கு மீட்டரே இல்லை, உத்தேசக் கணக்குதான். புதிய திட்டமும் ப்ரீபெய்ட் மீட்டரிலிருந்து விவசாயிகளுக்கு விலக்கு தந்துவிட்டது. ஒவ்வொரு பம்புசெட்டையும் அளக்காவிட்டாலும், வயல்களுக்கு மட்டும் போகும் பீடரைப் பிரித்து அதன் தலையில் ஒரு மீட்டர் வைக்கலாம். குஜராத் 2003ல் தொடங்கிய ஜோதிகிராம் திட்டத்தில் பீடர்களைப் பிரித்தது. பிரிக்காத இடங்களில் உத்தேசத்தைக் கொஞ்சம் உயர்த்தினால் போதும், இழப்பு காகிதத்தில் இறங்கிவிடும். பழைய கம்பியும் கொக்கியும் தின்ற யூனிட் விவசாயி பெயரில் எழுதப்படும். மாநில அரசு அதற்கு மானியம் கட்டும்.