சிறு நன்கொடையும் கடற் பாதுகாப்பும்

சௌராஷ்டிரக் கடற்கரையில் வேராவல் முதலிய துறைகளிலிருந்து மீன்பிடிக்கச் செல்வோரின் வலையில் சில வேளைகளில் திமிங்கலச் சுறா சிக்கிக்கொள்வதுண்டு. உலகிலுள்ள மீன்கள் அனைத்திலும் பெரியது இதுவே. ஆயினும் நுண்ணுயிர்களையும் சிறு மீன்களையும் நீரிலிருந்து வடித்துண்டு வாழும் சாதுவான பிராணி. முற்காலத்தில் இதன் ஈரல் எண்ணெய், படகு மரத்தில் நீர் ஊறாதிருக்கப் பூசப்பட்டது. 1990ஆம் ஆண்டுகளில் இறைச்சி ஏற்றுமதியின் பொருட்டு இது பெருமளவில் வேட்டையாடப்பட்டது. 2001ஆம் ஆண்டில் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இது சேர்க்கப்பட்டது. அவ்வட்டவணையில் இடம்பெற்ற முதல் மீன் என்ற சிறப்பும் இதற்கு உண்டு.

சட்டம் வேட்டையைத் தடுக்கும்; தற்செயலாக வலையில் அகப்பட்ட மீனை விடுவிக்கச் சட்டம் மட்டும் போதாது. மீனை விடுவிப்பதற்கு வலையை அறுத்தாக வேண்டும். வலையோ மீனவரின் முதலீடு. பெரும்பாலும் கடன்பட்டு வாங்கியது. இந்நிலையில் 2004ஆம் ஆண்டில் குஜராத் வனத்துறையும், இந்திய வன உயிர் அறக்கட்டளையும், டாட்டா கெமிக்கல்ஸ் நிறுவனமும் சேர்ந்து ஒரு பிரசாரத்தை மேற்கொண்டன. இராமாயணச் சொற்பொழிவாளர் மொராரி பாபு, இம்மீனைப் பேறுகாலத்திற்குத் தாய்வீடு வரும் மகளுக்கு ஒப்பிட்டுப் பேசினார்; ‘அன்புக்குரியவள்’ எனப் பொருள்படும் ‘வ்ஹாலி’ என்ற பெயர் அதற்கு இடப்பட்டது. இந்த உவமை மீனவர் உள்ளத்தைத் தொட்டது என்பதில் ஐயமில்லை. ஆனால் உவமையோடு பணியும் நின்றுவிடவில்லை. அறுபட்ட வலைக்கு ரூ. 25,000 வரை நஷ்டஈடு வழங்கும் ஏற்பாடு பின்னர் செய்யப்பட்டது. அதிகாரி வந்து பார்வையிடும்வரை மீன் வலையிலேயே கிடந்து துன்புறுவதைத் தவிர்க்கும் பொருட்டு, மீனவர்களிடமே புகைப்படக் கருவிகள் கொடுக்கப்பட்டன. அவர்கள் எடுத்த படமே சான்றாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. இதுவரை 900க்கு மேற்பட்ட மீன்கள் உயிருடன் கடலில் விடப்பட்டுள்ளன.

ஓர் அறுபட்ட வலை. அதற்கு ஒரு தொகை. சான்றாக ஒரு படம். பொதுமக்கள் தரும் சிறு நன்கொடைக்கு இதைவிடப் பொருத்தமான செலவினம் காண்பது அரிது. நூறு பேர் ஆளுக்கு 250 ரூபாய் தந்தால் ஒரு வலையின் நஷ்டஈடு சேர்ந்துவிடும். ஆயினும் இணையத்தின் வாயிலாகக் கடலின் பெயரால் விடுக்கப்படும் வேண்டுகோள்கள் இத்தகைய செலவினங்களை நாடுவது குறைவு. அவை எதை நாடுகின்றன என்பதற்கு அண்மைக் காலத்தின் மிகப்பெரிய எடுத்துக்காட்டு ‘டீம் சீஸ்’ என்னும் இயக்கமாகும்.

இணையக் காணொளிகளால் புகழ்பெற்ற மார்க் ரோபர், ‘மிஸ்டர் பீஸ்ட்’ எனப்படும் ஜிம்மி டொனால்ட்சன் ஆகிய இரு அமெரிக்கர்கள் 2021ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் இதைத் தொடங்கினர். ஒரு டாலர் தந்தால் ஒரு பவுண்டு குப்பை நீரிலிருந்தும் கரையிலிருந்தும் அகற்றப்படும் என்பதே வாக்குறுதி. 2022 ஜனவரி முதல் தேதிக்குள் 3 கோடி டாலர் திரட்டுவது குறிக்கோள், அது நிறைவேறியது. பல நாடுகளைச் சேர்ந்த, ஒருவரையொருவர் அறியாத மக்கள் இரண்டே மாதங்களில் இவ்வளவு பெரிய தொகையை ஒன்றுசேர்த்தது வியப்பிற்குரிய செய்தியே.

இத்தொகையின் பயனைச் சிறிது கணக்கிட்டுப் பார்க்கலாம். மூன்று கோடி பவுண்டு என்பது ஏறத்தாழ 13,600 டன். கடற்கரையுடைய 192 நாடுகளிலிருந்து 2010ஆம் ஆண்டில் கடலிற் சேர்ந்த பிளாஸ்டிக் 48 லட்சம் டன்னிலிருந்து 127 லட்சம் டன் வரை இருக்கலாம் என்று 2015ஆம் ஆண்டில் ‘சயன்ஸ்’ இதழில் வெளிவந்த ஆராய்ச்சி மதிப்பிட்டது. இவற்றுள் குறைந்த எண்ணையே எடுத்துக்கொண்டாலும் நாளொன்றுக்கு 13,000 டன்னுக்கு மேலாகிறது. அதாவது, மூன்று கோடி டாலர் செலவில் அகற்றப்பட்டது கடலில் ஒரு நாளில் வந்து சேரும் குப்பையின் அளவேயாகும்.

இதனால் அம்முயற்சி வீண் என்று கூறிவிட முடியாது. கொடுத்த பணத்திற்குக் கிடைக்கும் பயனை ஒரு சிறுவனும் விளங்கிக்கொள்ளும்படி சொன்னது அதன் பெருஞ்சிறப்பு. ஆனால் எடைபோடக் கூடியதும் படமெடுக்கக் கூடியதும் எதுவோ அதற்கே பணம் செல்லும் என்பதையும் அது காட்டுகிறது. கடலின் தேவைகளுள் பெரும்பாலானவை எடைக்கும் படத்திற்கும் அகப்படாதவை. சிறு துளி பெரு வெள்ளம் என்ற பழமொழி வெள்ளத்தின் அளவைச் சொல்கிறதே தவிர, அது எந்த வயலுக்குப் பாயும் என்பதைச் சொல்லவில்லை.

கொடையாளரிடம் தோல்வியைச் சொன்னால் கொடை நின்றுவிடும் என்ற அச்சம் பல அமைப்புகளிடம் காணப்படுகிறது. இந்த அச்சத்திற்கு ஆதாரம் குறைவு. போயான் ஸ்லாட் என்ற டச்சு இளைஞர் தோற்றுவித்த ‘ஓஷன் கிளீனப்’ அமைப்பு, 2014ஆம் ஆண்டில் 160 நாடுகளைச் சேர்ந்த சுமார் 38,000 பேரிடமிருந்து 20 லட்சம் டாலருக்கு மேல் இணைய வழியே திரட்டியது. நான்கு ஆண்டுகள் கழித்து, 600 மீட்டர் நீளமுள்ள மிதவைக் குழாய் ஒன்று சான்பிரான்சிஸ்கோவிலிருந்து பசிபிக் கடலுக்குள் இழுத்துச் செல்லப்பட்டது. அது வளைத்த பிளாஸ்டிக்கைப் பிடித்துவைக்க இயலவில்லை. 2018 டிசம்பர் இறுதியில் 18 மீட்டர் நீளத் துண்டொன்று முறிந்து பிரிந்தது. அந்த அமைப்பு இதை மறைக்காமல் வெளியிட்டது. பணி நின்றுவிடவில்லை, அமைப்பு முறையை மாற்றி அடுத்த ஆண்டே மீண்டும் முயன்றனர். மிதவைகளில் அகப்படும் மேற்பரப்பு உயிரினங்கள் குறித்து விஞ்ஞானிகள் எழுப்பிய ஆட்சேபங்கள் தனி விஷயம். அவை அலட்சியப்படுத்தத் தக்கவையல்ல.

இனி, படத்திற்கு அகப்படாத பணிக்கு வருவோம். மகாராஷ்டிரத்தின் ரத்தினகிரி மாவட்டத்திலுள்ள வேளாஸ் என்ற கடற்கரைக் கிராமத்தில் பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி முட்டையிடுகின்றன. முன்பு அம்முட்டைகள் திருடு போயின. 2002ஆம் ஆண்டில் சிப்ளூணைச் சேர்ந்த சஹ்யாத்ரி நிசர்க மித்ர என்ற அமைப்பு கிராமத்தாரின் துணையுடன் அவற்றைக் காக்கத் தொடங்கியது. குஞ்சுகள் கடலை நோக்கிச் செல்லும் காட்சியைக் காண வெளியூர்களிலிருந்து மக்கள் வருகின்றனர். கிராமத்தார் தத்தம் வீடுகளிலேயே அவர்களுக்கு உணவும் உறையுளும் தந்து வருவாய் பெறுகின்றனர். குஞ்சின் படம் இணையத்தில் ஆயிரக்கணக்கானோரைக் கவர்கிறது. ஆனால் அந்தக் குஞ்சுக்கு முன்னால் 45 முதல் 60 நாள் வரை காவல் இருந்திருக்கிறது. இரவிலும் விடியற்காலையிலும் கரை நெடுக ஒருவர் நடந்து தடம் தேட வேண்டும். கண்டெடுத்த முட்டைகளைச் சில மணி நேரத்திற்குள், புரட்டாமல், பொரிப்பகக் குழியில் இட வேண்டும். காலம் கடந்தபின் புரட்டினால் கரு அழிந்துவிடும். மணலின் வெப்பம் மிகுந்தால் பிறப்பவை பெரும்பாலும் பெண்ணாகவே இருக்கும்; மேலும் மிகுந்தால் ஒன்றும் பிறவாது. ஆகவே வெயில் மிக்க இடங்களில் நிழற்பந்தலும் வெப்பமானியும் வேண்டும். நடப்பவரின் கூலி, கைவிளக்கின் மின்கலம், பந்தலின் துணி ஆகிய சில்லறைச் செலவுகளே இப்பணியின் உயிர்நாடி. இவற்றைப் படமெடுத்து யாரும் வேண்டுகோள் விடுப்பதில்லை.

இத்தேவைகளை நன்கு அறிந்தவர் யார்? வனக்காவலரும், மீன்வளத்துறை ஊழியரும், கடலோரப் பள்ளி ஆசிரியருமே. இங்கேதான் ஒரு சிக்கல் எழுகிறது. மத்தியக் குடிமைப் பணிகள் நடத்தை விதிகள், 1964இன் 12ஆம் விதிப்படி அரசு ஊழியர் முன் அனுமதியின்றி எந்த நிதி திரட்டுவதிலும் தொடர்பு கொள்ளலாகாது. அதிகாரத்தைக் கண்டு அஞ்சிப் பணம் கொடுக்கும் நிலை மக்களுக்கு நேராதிருக்க அமைந்த நல்ல விதி இது, தளர்த்தத் தக்கதன்று. ஆனால் இதன் விளைவாக, தேவையை அறிந்தவர் கேட்க இயலாதவராகவும், கேட்பவர் தேவையை அறியாதவராகவும் இருக்கும் நிலை ஏற்பட்டிருக்கிறது. விதி பணம் திரட்டுவதைத்தான் கட்டுப்படுத்துகிறது. ஒரு பருவத்தில் ஒரு கரையைக் காக்க எத்தனை இரவுக் கூலி தேவைப்பட்டது, சென்ற ஆண்டில் எத்தனை வலைகள் அறுபட்டன, எத்தனைக்கு நஷ்டஈடு தாமதமாயிற்று என்ற விவரங்களை உரிய மேலதிகாரியின் இசைவுடன் வெளியிடுவது வேறு காரியம். துறைகள் இவ்விவரங்களை ஆண்டுதோறும் எளிய நடையில் வெளியிட்டால், பதிவுபெற்ற தொண்டு நிறுவனங்கள் அவற்றைக் கொண்டு பொருத்தமான வேண்டுகோள் விடுக்க இயலும். 2016ஆம் ஆண்டில் யூ.பி.ஐ. முறை வந்தபின் பத்து ரூபாயையும் கைப்பேசி வழியே அனுப்பலாம் என்றாகிவிட்டது. அனுப்பும் வழி எளிதாகிவிட்டது. அனுப்ப வேண்டிய இடம்தான் தெளிவாகவில்லை.

பணம் தர இயலாதவரும் கொடையாளராகலாம். மும்பைக் கரையில் கடல் பின்வாங்கும் நேரத்தில் பாறைகளிடையே நடந்து பவளம், கடல் நத்தை, சாக்குக்கணவாய் முதலியவற்றைப் படமெடுத்துப் பதிவு செய்யும் ‘மரைன் லைஃப் ஆப் மும்பை’ என்ற குழு 2017ஆம் ஆண்டில் தோன்றியது. இத்தகைய பதிவுகள் ‘ஐநேச்சுரலிஸ்ட்’ என்ற பொதுப் பதிவேட்டில் நாள், இடம், படம் ஆகியவற்றுடன் சேர்க்கப்படுகின்றன. இனத்தை அறிந்த பிறர் பெயரை உறுதி செய்தபின் அவை ஆராய்ச்சியாளருக்கும் பயன்படுகின்றன. சாக்கடைக் கரை என்று ஒதுக்கப்பட்ட இடத்தில் சட்டப் பாதுகாப்புப் பெற்ற பவளம் வாழ்கிறது என்பதை நகரத்தாருக்கு உணர்த்தியது இப்பணியே. எச்சரிக்கை ஒன்று அவசியம். அருகிவரும் இனங்களின் இருப்பிடத்தை அப்பதிவேடு சுமார் 20 கிலோமீட்டர் சதுரத்திற்குள் மறைத்துக் காட்டுகிறது. ஆமை முட்டையிட்ட இடத்தைப் படத்துடன் வேறு தளங்களில் வெளியிடுவோர் இந்த மறைவைத் தாமே குலைத்துவிடுகின்றனர். ஆர்வ மிகுதியால் ஆசிரியர்களும் மாணவர்களும்கூட இவ்வாறு செய்வதுண்டு.

அரசாங்கத்தின் கடமையை மக்களின் தலையில் சுமத்துவதாகாதா என்ற வினா நியாயமானது. இழுவை வலைக்குத் தடைக்காலம் விதித்தல், கழிவுநீரைக் கட்டுப்படுத்தல், சட்டத்தை நிறைவேற்றல் ஆகியவை எந்த நன்கொடையாலும் நடவா, நடக்கவும் கூடாது. நஷ்டஈட்டுத் தொகையும் அரசாங்கத்தின் பொறுப்பே. ஆனால் கோப்பு நகரும் வேகம் வேறு, வலை இல்லாத மீனவர் கரையில் காத்திருக்கும் நாட்கள் வேறு. அந்த இடைவெளியை நிரப்பும் சுழல் நிதியாகச் சிறு நன்கொடை அமையலாம். அரசாங்கத் தொகை வந்ததும் நிதி மீண்டும் நிறைந்துவிடும். ஒரே நாளில் பெருந்தொகை வந்து பின்னர் வறண்டுபோவதைவிட, ஒவ்வொரு மாதமும் தவறாது வரும் சிறு தொகையே இதற்கு ஏற்றது.

கணக்கும் இதற்கேற்ப இருத்தல் வேண்டும். வரவு, செலவு, மீதி என்ற மூன்றுடன் பலனும், பலன் கிட்டாத இடமும் குறிக்கப்பட வேண்டும்: இத்தனை கூடுகள் கண்டெடுக்கப்பட்டன, இத்தனை நாய்களுக்கு இரையாயின, இத்தனை பொரியவில்லை என்பதாக. கடலோரப் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு மாணவர்கள் சதவீதம் கற்கும்போது அருகிலுள்ள பொரிப்பகத்தின் இத்தகைய பருவக் கணக்கையே பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளலாம். பொரிப்பகத்தின் பலகையில் எழுதப்பட்ட எண்களைக் குறித்துக்கொண்டு வர மாணவர்களுக்கு ஒரு மாலைப்பொழுது போதும்.