இதயத்துக்கு ஆபரேஷன்... கல்லீரலுக்கு எதற்கு ஸ்கேன்?

'என் பையன் ஒரு சொட்டு மது தொட்டதில்லை. மஞ்சள் காமாலைகூட வந்ததில்லை. ஹார்ட் செக்கப்புக்கு வந்தவனுக்குக் கல்லீரல் ஸ்கேன் எதுக்கு டாக்டர்?'

சிறு வயதில் 'ஃபான்டான்' ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் பெற்றோருக்கு இந்தச் சந்தேகம் வருவது நியாயம்தான்.

இதயத்தின் கீழறைகள் இரண்டு. ஒன்று நுரையீரலுக்கும், மற்றொன்று உடல் முழுவதற்கும் ரத்தத்தைத் தள்ளுகின்றன. சில குழந்தைகள், ஒரு கீழறை மட்டுமே சரியாக வேலை செய்யும் இதயத்தோடு பிறக்கிறார்கள். இப்படிப்பட்ட குறைக்கு 1971-ல் ஒரு வழியை வெளியிட்டவர், பிரான்ஸ் நாட்டு அறுவை சிகிச்சை நிபுணர் பிரான்சிஸ் ஃபான்டான். பின்னாளில் மெருகேறிய அந்த ஆபரேஷனில், உடலிலிருந்து திரும்பும் ரத்தம் கீழறையின் உதவி இல்லாமலே நேராக நுரையீரலுக்குப் போகும். இருக்கும் ஒற்றைக் கீழறை, உடலைக் கவனித்துக்கொள்ளும். இதனால் உயிர் பிழைத்து வளர்ந்தவர்கள் ஏராளம்.

ஆனால், அதற்கு ஒரு விலை உண்டு. தள்ளிவிட பம்ப் இல்லாததால், இதயத்துக்குத் திரும்பும் பெரிய ரத்தக்குழாயில் அழுத்தம் எப்போதும் கூடுதலாகவே இருக்கும். கல்லீரலின் ரத்தம் வடிவதும் அதே குழாயில்தான். வடிகால் அடைபட்ட வயலில் தண்ணீர் தேங்கினால் பயிர் என்னாகும்? அதே கதைதான் இங்கேயும்.

தேக்கத்தால் கல்லீரலின் நுண்குழாய்கள் விரிகின்றன. ஆக்ஸிஜன் போதாமல் செல்கள் மடிகின்றன. அந்த இடங்களில் நார் போன்ற தழும்பு படிகிறது. தேக்கமடைந்த கல்லீரலை வெட்டிப் பார்த்தால் ஜாதிக்காயின் உட்புறம்போல் இருக்கும் என்பதால், 'ஜாதிக்காய் ஈரல்' என்றே மருத்துவத்தில் சொல்வதுண்டு. தழும்புகள் ஒன்றோடொன்று கைகோத்தால் சிரோசிஸ். செல்கள் மடிவதும் புதிதாகப் பெருகுவதும் ஆண்டுக்கணக்கில் தொடரும்போது, மரபணுவில் பிழை நேர்ந்து புற்றுநோய் முளைக்கலாம். எல்லோருக்கும் வராது, வந்தாலும் பெரும்பாலும் ஆபரேஷன் முடிந்து பத்து ஆண்டுகளுக்குப் பிறகுதான். அதாவது, இருபது, முப்பது வயதிலேயே வரக்கூடும்.

இதில் சிக்கல் என்னவென்றால், வலி இருக்காது. ரத்தப் பரிசோதனையும் கிட்டத்தட்ட நார்மல் என்றே சொல்லும். அதனால்தான் அல்ட்ராசவுண்ட், ஏ.எஃப்.பி. ரத்தப் பரிசோதனை, சந்தேகம் வந்தால் எம்.ஆர்.ஐ. என்று தேடிப் பார்க்கிறோம். சிறிதாக இருக்கும்போதே கண்டுபிடித்தால் சிகிச்சைக்கு வழிகள் அதிகம்.

இதயத்தின் வலப்பக்கம் பலவீனமானவர்கள், வால்வு கசிவு உள்ளவர்கள், காசநோயால் இதய உறை இறுகியவர்கள் ஆகியோருக்கும் கல்லீரலில் இப்படித் தேக்கம் வரும். மூலக் காரணத்தைச் சீக்கிரம் சரிசெய்தால், ஆரம்பநிலைப் பாதிப்பு குறையவும் வாய்ப்புண்டு.

நீங்கள் செய்யவேண்டியவை: பழைய ஆபரேஷன் ரிப்போர்ட்டைப் பத்திரப்படுத்துங்கள். மது கூடவே கூடாது. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டாயிற்றா என்று பாருங்கள். மருத்துவரைக் கேட்காமல் வலி மாத்திரையோ, நாட்டு மருந்தோ வேண்டாம். வயிறு, கால் வீங்கினாலோ, காரணமில்லாமல் பசியும் எடையும் குறைந்தாலோ தள்ளிப்போடாதீர்கள்.

குழந்தைகள் மருத்துவரிடமிருந்து பெரியவர்களுக்கான மருத்துவரிடம் மாறும் வயதில்தான், பலர் செக்கப்பையே விட்டுவிடுகிறார்கள். 'நல்லாத்தானே இருக்கேன்' என்ற நினைப்புதான் காரணம். அடுத்த முறை போகும்போது மறக்காமல் கேளுங்கள்: 'என் கல்லீரலைக் கடைசியா எப்போ பார்த்தீங்க டாக்டர்?'