தறிக்குழியும் தேக சுகமும்

நோய் வந்தபின் மருந்து தேடுவதே வைத்தியம் என நம்மவர் பலர் கருதுகின்றனர். நோயாளியின் நாடியைப் பார்ப்பதற்கு முன், அவர் குடிக்கும் நீரையும், குடியிருக்கும் வீட்டையும், தொழில் செய்யும் இடத்தையும் பார்க்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

தர்மபுரி, கிருஷ்ணகிரிச் சீமைகளை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள பாறைகளிலிருந்து ஃபுளூரைடு என்னும் உப்பு நிலத்தடி நீரில் கரைகின்றது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்ட நீரைப் பல ஆண்டுகள் பருகினால் குழந்தைகளின் பற்கள் பழுப்பேறும். நாளடைவில் எலும்பும் மூட்டும் இறுகும். இறுகிய எலும்பை முன்போலாக்கும் மருந்து இல்லை. நீரை மாற்றுவதே வழி. ஆகவேதான் ஒகேனக்கலிலிருந்து காவிரி நீரைக் கொணரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நிறைவேற்றப்பட்டு, 2013 இல் தொடங்கி வைக்கப்பெற்றது. அங்கே குழாயே வைத்தியராயிற்று.

இனி நெசவாளர் இல்லத்துக்கு வருவோம். குழித்தறி அறிவுடன் அமைந்த சாதனம். மண்ணின் ஈரம் பாவை வறளவிடாது காப்பதால் இழை அறுவது குறைகின்றது. காற்றுப் பட்டால் நூல் உலருமென்று சன்னலையும் சாத்திவிடுகின்றனர். ஆயின் நூலுக்கு உகந்தது மனிதருக்கு உகந்ததன்று. மங்கிய வெளிச்சத்தில் கண் களைக்கின்றது. குனிந்தே இருப்பதால் இடுப்பும் முழங்காலும் நோகின்றன. பஞ்சுத் தூசி மூச்சில் கலக்கின்றது. காசநோயோ காற்றின் வழிப் பரவுவது. அடைத்த அறையில் ஒருவர் இருமினால் வீட்டார் அனைவருக்கும் ஆபத்து. ஐப்பசி, கார்த்திகை மழையில் குழியில் நீர் ஊறிவிட்டால் தறியும் நிற்கும், கூலியும் நிற்கும்.

விவசாய அங்கத்தினர் நிலையும் இதற்கு வேறன்று. சேற்று நீரில் வெறுங்காலுடன் இறங்குவோரின் காற்புண் வழியே எலிக்காய்ச்சல் புகுகின்றது. பூச்சிமருந்து இருந்த டப்பாவைக் கழுவித் தண்ணீர் மொள்ளும் வழக்கம் சில இடங்களில் இன்னும் ஒழியவில்லை.

இடம் நோயைத் தருவதோடு நில்லாது, வைத்தியத்தையும் தடுக்கின்றது. நெய்த அளவுக்கே கூலி பெறும் ஒருவருக்கு ஆஸ்பத்திரிக்குச் சென்ற நாள் கூலியற்ற நாள். எனவே இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மருந்துண்பதைப் பாதியில் விடுகின்றார். மக்கள் வாழும் இடத்துக்கும் உழைக்கும் இடத்துக்கும் இயன்றவரை அருகில் வைத்திய வசதி அமைய வேண்டுமென்று 1978 இல் அல்மா அட்டா மாநாடு பிரகடனம் செய்தது. நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டமும் இவ்விரு நோய்களுக்கான மருந்தை வீட்டுவாசலுக்கே கொண்டுவரும் நோக்கமுடையது.

சங்கம் செய்யத்தக்கது யாது? அங்கத்தினர் நூல் வாங்கவும் துணி கொடுக்கவும் எப்படியும் சங்கத்துக்கு வருகின்றனர். உரம் வாங்கவும் கடன் தவணை செலுத்தவும் விவசாயிகள் வருகின்றனர். அந்நாளிலேயே ஆரம்ப சுகாதார நிலையத்தாரை அழைத்து, சங்கத் தாழ்வாரத்தில் பரிசோதனை நடத்தலாம். கூலிநாள் வீணாகாது. தறிக்கூடம் பழுது பார்க்கக் கடன் தரும்போது, உயரத்தில் ஒரு காற்றுவழி, நல்ல விளக்கு, குழியின் விளிம்பில் நீர் புகாக் கட்டு ஆகிய மூன்றையும் மதிப்பீட்டில் சேர்க்கலாம். உயரத்தில் அமையும் காற்றுவழி பாவின்மீது நேரே வீசாது. அறையின் காற்றையும் மாற்றும்.

‘சங்கத்தின் வேலை நூலும் துணியுமே, சுகாதாரம் சர்க்கார் வேலை’ என்பாருண்டு. நாம் தணிக்கைக்குச் செல்லுமிடங்களில் நூல் இருப்பைக் கழஞ்சு பிசகாமல் எண்ணுகின்றோம். நெய்பவரின் நலத்தைக் குறிக்க எந்தப் பதிவேட்டிலும் இடமில்லை. அவர் நோயுற்றால் தறி நிற்பதும், கடன் தவணை தவறுவதும், முடிவில் சங்கத்தின் ஐந்தொகையிலேயே வந்து விழுகின்றன. ஆதலால் இது தருமகாரியமன்று. சங்கத்தின் சொந்தக் காரியமே.

வரும் பொதுச் சபைக் கூட்டத்தில், துணைவிதிகள் இடந்தரும் அளவில் பொதுநல நிதியிலிருந்து இதற்கு ஒரு தொகை ஒதுக்கத் தீர்மானம் கொணருமாறு அங்கத்தினர்களை வேண்டுகிறோம். தீர்மானத்தை எழுப்ப வேண்டியவர்கள் நிர்வாகக் குழுவினர் மட்டுமல்லர். முழங்கால் நோவோடு தினமும் தறியில் அமர்பவர்களே.