யமாத்தோவை எந்த நாளில் வாங்குவது?

போர்க்கப்பலின் பிளாஸ்டிக் மாதிரியைக் கட்டுவது வளர்ந்தவர்கள் செய்கிற காரியமா என்று இலக்கிய நண்பர்கள் கேட்கும்போது அதில் ஓர் ஏளனம் ஒளிந்திருக்கும். மாதிரி கட்டுபவர்களிடம் போனால் அவர்கள் கேள்வி வேறு: எந்த நிறுவனத்தின் கிட், எத்தனை பாகங்கள், என்ன விலை? முதல் தரப்பு இதை விளையாட்டுப் பொருள் என்று ஒதுக்குகிறது. இரண்டாம் தரப்பும் தன் வழியில் இதை விளையாட்டுப் பொருளாகவே வைத்திருக்கிறது. இருவரோடும் எனக்கு வழக்கு உண்டு. ஒரு போர்க்கப்பலின் மாதிரியைத் தேர்வதென்றால் வரலாற்றில் ஒரு நாளைத் தேர்வது என்பதே என் கட்சி. கப்பலைத் தேர்ந்துவிட்டு நாளைத் தேராமல் விடுபவர், தாம் வாங்குவது என்னவென்று அறியாமலேயே வாங்குகிறார்.

ஜப்பானியப் போர்க்கப்பல் யமாத்தோவையே எடுத்துக்கொள்வோம். மாதிரி கட்டுபவர்களிடையே இதைவிடப் புகழ்பெற்ற பெயர் அரிது. 263 மீட்டர் நீளம், முழுச் சுமையோடு சுமார் 72,000 டன், 46 சென்டிமீட்டர் வாய் கொண்ட ஒன்பது பீரங்கிகள். அதைவிடப் பெரிய பீரங்கி எந்தப் போர்க்கப்பலிலும் ஏறியதில்லை. ஷிசுவோகா நகரத்து நிறுவனங்கள் சேர்ந்து 1971இல் தொடங்கிய 1/700 வரிசையில் யமாத்தோ உண்டு. தாமியா நிறுவனம் 1978இல் 1/350 அளவில் ஒன்றை வெளியிட்டது. 2011இல் அதே அளவில் முற்றிலும் புதிய அச்சுகளோடு மீண்டும் வெளியிட்டது. ஹசெகாவாவுக்கு 1/450 அளவில் ஒன்று. வாங்க நினைப்பவர் இவற்றை நீளத்தாலும் விலையாலும் ஒப்பிடுகிறார். 1/700இல் கப்பல் 38 சென்டிமீட்டர். அலமாரித் தட்டில் அடங்கும். 1/350இல் 75 சென்டிமீட்டர். வீட்டாரின் சம்மதம் வேண்டும். ஒப்பீடு பெரும்பாலும் இத்தோடு முடிந்துவிடுகிறது.

ஆனால் யமாத்தோ என்று ஒரே கப்பல் இருந்ததில்லை. 1941 டிசம்பர் 16 அன்று கடற்படையில் சேர்ந்தபோது அதன் நடுப்பகுதியின் இருபுறமும் 15.5 சென்டிமீட்டர் பீரங்கிகளின் கோபுரங்கள் நின்றன. 25 மில்லிமீட்டர் விமான எதிர்ப்புக் குழல்கள் 24 மட்டுமே. 1944இன் தொடக்கத்தில் பக்கவாட்டுக் கோபுரங்கள் இரண்டும் கழற்றப்பட்டு, அந்த இடங்களில் விமான எதிர்ப்புப் பீரங்கிகள் நெருக்கி வைக்கப்பட்டன. 1945 ஏப்ரலில் சிறு குழல்கள் மட்டும் ஏறத்தாழ 150. தளத்தைப் பார்த்தாலே போதும், கப்பல் எதைக் கண்டு அஞ்சியது என்று தெரிந்துவிடும். 1941இன் கப்பல் இன்னொரு போர்க்கப்பலை எதிர்பார்த்து நின்றது. 1945இன் கப்பல் வானத்தை அண்ணாந்து பார்த்து நிற்கிறது.

கிட்டுகளும் ஆண்டுவாரியாகவே வருகின்றன. கடற்படையில் சேர்ந்தபோதைய வடிவம், இறுதிப் பயணத்தின் வடிவம் என்று பெட்டியின் ஓரத்தில் சிறிய எழுத்தில் போட்டிருக்கும். அந்தச் சிறிய எழுத்தைத்தான் முதலில் படிக்க வேண்டும் என்கிறேன்.

1941இன் வடிவமே அழகு என்பார் பலர். தளம் விரிந்து கிடக்கும், கோபுரங்கள் சமச்சீராக நிற்கும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த அழகின் தேதியையும் பார்க்க வேண்டும். யமாத்தோ பணியில் சேர்வதற்கு ஆறே நாள் முன்பு, 1941 டிசம்பர் 10 அன்று, மலாயாவின் கிழக்குக் கரைக்கு அப்பால் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிப்பல்ஸ் என்ற இரு பிரிட்டிஷ் பெருங்கப்பல்களை ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்திருந்தன. கடலில் ஓடிக்கொண்டிருக்கும் பெரும் போர்க்கப்பலை விமானங்கள் மட்டுமே வீழ்த்த முடியும் என்று ஜப்பானியக் கடற்படையே உலகுக்குக் காட்டியது. காட்டிய அதே வாரத்தில், விமானங்களுக்கு முன் நிற்க முடியாத ஒரு மாபெரும் கப்பலைப் பணியில் சேர்த்துக்கொண்டது. பிறந்த அன்றே அதன் காலம் முடிந்திருந்தது. அதன் பெரும்பீரங்கிகள் எதிரிக் கப்பல்களைச் சுட்டது 1944 அக்டோபர் 25 அன்று, பிலிப்பைன்ஸின் சமார் தீவுக்கு அப்பால் நடந்த ஒரே சண்டையில்தான். பெட்டி ஓவியங்களில் பெரும்பாலும் நாம் காணும் தீப்பிழம்பு, அதன் வாழ்வில் விதிவிலக்கான ஒரு காலைப்பொழுது.

அந்த வெற்றி மாதத்தைக் கொண்டாட நமக்கு இன்னுமொரு தடை இருக்கிறது. அதே டிசம்பரில் மலாயாவில் இறங்கிய படைதான் பிறகு அங்கிருந்த தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களை ஆயிரம் ஆயிரமாகச் சயாம் பர்மா ரயில்பாதைக்கு ஓட்டிச்சென்றது. திரும்பாதவர்களின் முழுக் கணக்கு யாரிடமும் இல்லை. எந்தப் பேரரசின் பெருமைக்காக யமாத்தோ கட்டப்பட்டதோ, அந்தப் பேரரசு நம்மவர்களுக்கு வைத்த விலை அது. அதற்காக அந்தக் கப்பலின் மாதிரியைத் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தொடுபவர் ஆண்டை அறிந்து தொடட்டும்.

ஆகவே 1945 ஏப்ரல் 7ஐ வாங்குங்கள் என்கிறேன். முந்தின நாள் ஒகினாவாவை நோக்கிப் புறப்பட்ட பயணம் அது. யமாத்தோவோடு யஹாகி என்ற இலகு குரூசரும் எட்டு டிஸ்ட்ராயர்களும் சென்றன. தீவின் கரையில் தன்னைத் தானே தரைதட்ட வைத்துக்கொண்டு, கோட்டையைப் போல் நின்று சுட்டு அழிய வேண்டும் என்பது திட்டம். திரும்பி வருதல் அதில் இல்லை. அமெரிக்க விமானங்கள் அலை அலையாக வந்தன. நீர்மூழ்கு குண்டுகளில் பெரும்பாலானவை இடப்பக்கத்தையே தாக்கின. சாய்வைச் சமன்செய்ய வலப்பக்க எந்திர அறைகளுக்குள் கடல்நீர் விடப்பட்டது. உள்ளே வேலையில் இருந்தவர்கள் வெளியேறுவதற்கு முன்பே. பிற்பகல் 2.23க்குக் கப்பல் கவிழ்ந்து வெடித்தது. 3000 பேருக்கு மேல் ஏறிச்சென்ற கப்பலில் பிழைத்தவர்கள் 300க்கும் குறைவு. தாக்கியவர்கள் இழந்தது 10 விமானங்களும் 12 பேரும்.

இங்கே இன்னொரு தேர்வும் வருகிறது. 1971இல் தொடங்கிய அந்த 1/700 வரிசை, நீர்மட்டத்தோடு அடிப்பகுதியை வெட்டிவிட்ட வடிவம். கடல் மீது மிதப்பது போல மேசைமீது வைக்கலாம். எல்லாக் கப்பல்களையும் ஒரே அளவில் அணிவகுக்கலாம். நல்ல யோசனைதான். ஆனால் யமாத்தோவுக்கு அது பொருந்தாது. இந்தக் கப்பல் அடிபட்டுச் செத்த இடம் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. எந்திர அறையில் மூழ்கியவர்கள் இருந்ததும் அங்கேதான். அடிப்பகுதியை வெட்டிய மாதிரியில், மரணம் நடந்த அறையே இல்லை. முழு உடலோடு வரும் 1/350 விலை அதிகம், இடமும் அடைக்கும். இந்த ஒரு கப்பலுக்கு அந்த விலை நியாயமானது.

1/350 அளவில் ஒரு மனிதன் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் உயரம். பெட்டிக்குள் பெரும்பாலும் அவன் இருப்பதில்லை. வேண்டுமானால் தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும். கைப்பிடிக் கம்பிக்குத் தனி உலோகத் தகடு வாங்குகிறோம், மரத்தளத்துக்குத் தனி ஒட்டுத்தாள் வாங்குகிறோம், மனிதனை மட்டும் வீண்செலவு என்று விட்டுவிடுகிறோம். 75 சென்டிமீட்டர் நீளத்தில் ஆளில்லாத கப்பல் ஓர் ஆயுதத்தின் விளம்பரமாக நிற்கும். தளத்தில் பத்துப் பேரை ஒட்டிவைத்தால் அளவு புரியத் தொடங்கும். அந்த 150 குழல்களுக்கு அருகே, கவசம் ஏதுமின்றித் திறந்த வெளியில் நின்றவர்கள் யார் என்ற கேள்வியும் வரும்.

இதையெல்லாம் ஒரு பிளாஸ்டிக் பெட்டியிடம் கேட்பது மிகை என்று இலக்கிய நண்பர்கள் சொல்லக்கூடும். அவர்களுக்கு ஒரு பெயரை நினைவூட்டுகிறேன்: யோஷிதா மிட்சுரு. இறுதிப் பயணத்தில் இருந்த இளம் அதிகாரி, பிழைத்தவர்களில் ஒருவர். யமாத்தோவின் முடிவைப் பற்றி அவர் எழுதிய நூல் 1946இல் அச்சேறவிருந்தபோது அமெரிக்க ஆக்கிரமிப்பின் தணிக்கை தடுத்தது. 1952இல்தான் முழுமையாக வெளிவந்தது. அதை அவர் பேச்சுவழக்கில் எழுதவில்லை. பழைய இலக்கிய நடையில் எழுதினார். தாம் கண்டதற்கு எந்த மொழி பொருந்தும் என்று அவர் தேர்ந்தார். தேர்வு என்பது பொறுப்பு என்று ஒரு நூலின் நடையைப் பற்றிப் பேசும்போது நாம் உடனே ஒப்புக்கொள்கிறோம். அதே நிகழ்வைக் கையால் கட்டி வீட்டில் வைப்பவருக்கு மட்டும் அந்தப் பொறுப்பு கிடையாது என்றால், அது கையால் செய்யும் வேலை மீது நமக்குள்ள பழைய அலட்சியம்தான்.

மாதிரி கட்டுபவர்களுக்கும் ஒரு சொல். ஆணி எண்ணிக்கைவரை சரிபார்க்கும் உங்கள் நேர்மையை மதிக்கிறேன். போர் முடிந்தபோது யமாத்தோவின் வரைபடங்கள் பெருமளவில் அழிக்கப்பட்டன. மிஞ்சிய புகைப்படங்கள் சொற்பம். 1985இல் கடலடியில் அடையாளம் காணப்பட்ட சிதைவு, அதுவரை நம்பிய அளவுகள் சிலவற்றைத் திருத்தியது. அந்தத் திருத்தங்களுக்காக ஒரு கிட்டையே மாற்றத் தயாராக இருக்கும் நீங்கள், பாகத்தின் அளவில் காட்டும் கண்டிப்பை ஏன் நாளின் தேர்வில் காட்டக் கூடாது? 1941இன் கப்பலைக் கட்டி அதற்கு 1945இன் கதையைச் சொல்வதும் பிழைதான். அதுவும் ஆணிப் பிழையைவிடப் பெரிய பிழை.

கடைசியாக, கையில் பணம் மிச்சமிருந்தால் இன்னொரு பெட்டி. அதே ஏப்ரல் 7 அன்று யமாத்தோவோடு சென்று, பெரிய சேதமின்றித் திரும்பிய டிஸ்ட்ராயர் யுகிகாசே. அதன் வகையில் கட்டப்பட்ட 19 கப்பல்களில் போரைத் தாண்டியது இது ஒன்றே. ஹசெகாவா 1/350 அளவில் தருகிறது. சுமார் 34 சென்டிமீட்டர், யமாத்தோவில் பாதிகூட இல்லை. போருக்குப் பிறகு இந்தக் கப்பலிலிருந்து பீரங்கிகளை இறக்கிவிட்டு, அயல் நிலங்களில் சிக்கிக் கிடந்தவர்களை ஊர் கொண்டுசேர்க்கும் வேலைக்கு அனுப்பினார்கள். சுமார் 13,000 பேரை அது திரும்பக் கொண்டுவந்தது. ரபவுலில் ஒரு கையை இழந்து, பின்னாளில் பெரும் சித்திரக்கதை ஆசிரியரான மிசுகி ஷிகெருவும் அதில் வந்தவர்.

1946இன் யுகிகாசேயைக் கட்ட விரும்புகிறவர் பெட்டியிலுள்ள பீரங்கிக் கோபுரங்களை ஒட்டாமல் ஒதுக்கிவைக்க வேண்டும். தளத்தின் மீது பயணிகளுக்கான தற்காலிகக் கொட்டகைகளைப் பிளாஸ்டிக் அட்டையில் வெட்டிச் சேர்க்க வேண்டும். கிட்டின் செய்முறைத் தாள் இதற்கு உதவாது. இரண்டையும் ஒரே அலமாரியில், ஒரே அளவில், பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வருகிறவர்கள் பெரியதைப் பார்த்துத்தான் முதலில் வியப்பார்கள். பிறகு யாராவது ஒருவர் சிறியதைக் காட்டி, இதில் ஏன் பீரங்கிகள் இல்லை என்று கேட்பார். பதில் சொல்ல உட்காருங்கள். கொஞ்சம் நேரம் பிடிக்கும்.