துரோகி என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம்

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

போன கிழமை தமிழ்த் தினப் போட்டிக்காகப் பிள்ளைகளுக்கு விவாதப் பயிற்சி வைத்தோம். தலைப்பு பழசுதான்: விபீஷணன் உயர்ந்தவனா, கும்பகர்ணன் உயர்ந்தவனா? ஒரு பெடியன் எழும்பி, "விபீஷணன் துரோகி, சேர். அதுக்கு மேல என்ன கதை?" என்று சொல்லிவிட்டு இருந்துவிட்டான். வகுப்பே கைதட்டியது. எங்களுக்குக் கை எழும்பவில்லை. புளியங்குளத்தில், ஏ9 வீதியோரத்தில் இருந்துகொண்டு அந்தச் சொல்லைச் சும்மா கேட்க முடியாது. இந்த மண்ணில் அதற்குப் பிறகு பல தடவை வெடிச்சத்தம்தான் கேட்டிருக்கிறது.

பிள்ளைகள் கவனிக்காத ஒன்று உண்டு. கும்பகர்ணனும் அண்ணனுக்கு முகத்துக்கு நேரே "நீ செய்தது பிழை" என்று சொன்னவன்தான். சொல்லிவிட்டுத்தான் போருக்குப் போனான். தம்பி சொல்லிவிட்டு விலகினான். கண்ணகி கதையும் அப்படித்தான். வற்றாப்பளைப் பொங்கலுக்கு நம் ஊர்ச் சனம் வருஷா வருஷம் போகிறது. அரசனிடம் நீதி கேட்டவளைக் கும்பிடுகிறது. சரி. ஆனால் சபை நடுவே பிழை தன்னுடையதென்று ஒத்துக்கொண்ட பாண்டியனைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எங்களுக்கு அவன்தான் பெரிதாகப் படுகிறான்.

ரஜனி திராணகமவை இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் உடற்கூற்றியல் படிப்பித்தவர். ஒரு காலத்தில் புலிகளுக்கு ஆதரவாக இருந்தவர், காயப்பட்ட போராளிகளுக்கு மருந்து கட்டியவர். மேற்படிப்புக்கு இங்கிலாந்து போனார். அங்கேயே இருந்திருக்கலாம், திரும்பி வந்தார். இந்திய இராணுவம் செய்ததை எழுதினார். அதே பேனையால் இயக்கங்கள் செய்ததையும் எழுதினார். மூன்று தோழர்களோடு அவர் எழுதிய 'முறிந்த பனை' அதற்குச் சாட்சி. 1989 செப்டெம்பர் 21, வேலை முடிந்து சைக்கிளில் வீட்டுக்குப் போகும்போது திருநெல்வேலியில் வைத்துச் சுட்டார்கள். வயது 35. இரண்டு பெண்பிள்ளைகள். சுட்டது புலிகளே என்று தோழர்கள் பிறகு எழுதி வைத்தார்கள்.

இராணுவத்தைப் பற்றி மட்டும் எழுதியிருந்தால் அவர் எல்லாருக்கும் வீராங்கனை. தன் ஆட்களையும் பார்த்துப் பேசியதுதான் குற்றமாகிவிட்டது.

அடுத்த வருஷம் ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். 70,000க்கு மேற்பட்ட சனம். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். அது அநியாயம் என்று அன்றே எழுதிய சிலரில், ரஜனியோடு நின்ற அந்தப் பல்கலைக்கழக ஆசிரியர்களும் இருந்தார்கள்.

எங்கள் குடும்பமும் அந்தச் சனத்தில் ஒன்று. நாங்கள் வளர்ந்தது புத்தளத்தில், கிடுகுக் கொட்டிலில். போகிற அன்று பக்கத்து வீட்டு அம்மா ஒரு போத்தல் தண்ணியும் பாணும் கொண்டு வந்து தந்து, அழுதுகொண்டு நின்றாவாம். ஒரு சொல்லும் பேசவில்லையாம். வாப்பா அவவை ஒருநாளும் குறை சொன்னதில்லை. நாங்களும் சொல்லமாட்டோம். துவக்குக்கு முன்னால் நின்று பேசு என்று இன்னொருவரைக் கேட்க யாருக்கும் உரிமையில்லை. ஆனால் இப்போது அந்தத் துவக்கு இல்லையே. இன்றும் தேத்தண்ணிக் கடையில் ஒருவர், "அவையள் காட்டிக் குடுத்தவை, அதுதான் அனுப்பினது" என்றால், மற்றவர்கள் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருப்பது ஏன்?

இனி எங்கள் பக்கம். சூரா நிஸாவின் 135ஆம் வசனம் நமக்குத் தெரியும். உங்களுக்கோ, பெற்றாருக்கோ, உறவினருக்கோ எதிரானாலும் நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள் என்பது அதன் கருத்து. 2018 கடைசியில் மாவனல்லையில் புத்தர் சிலைகள் உடைக்கப்பட்டபோது, செய்தவர்களைக் கண்டுபிடிக்கப் பொலிஸுக்கு உதவியவர் தஸ்லீம் என்ற முஸ்லிம். 2019 மார்ச்சில் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவரைத் தலையில் சுட்டார்கள். உயிர் தப்பினார், ஆனால் உடல் பழையபடி இயங்கவில்லை. அடுத்த மாதம் 21ஆம் திகதி நடந்தது எல்லாருக்கும் தெரியும். அதற்கு முந்திய வருஷங்களில் வெறுப்புப் பயான்கள் எங்கள் வட்ஸ்அப் குழுக்களிலும் வந்தன. பார்த்தோம். பிடிக்கவில்லை. ஒன்றும் எழுதாமல் அழித்துவிட்டோம். அப்போது எங்கள் தலைக்கு நேரே எந்தத் துவக்கும் இருக்கவில்லை.

பயிற்சி முடிய அந்தப் பெடியன் வந்து கேட்டான்: "அப்ப துரோகி எண்டு ஒருத்தரும் இல்லையா, சேர்?" காசுக்கு ஆளைக் காட்டிக் கொடுப்பவன் இருக்கிறான், அவனையும் பிழையைப் பிழை என்று சொல்பவனையும் ஒரே பேரால் கூப்பிடாதே என்றோம். அவனுக்குத் திருப்தியில்லை. வீட்டில் அப்பாவிடம் கேட்கிறேன் என்று போனான். கேட்டானோ தெரியாது.

வாற வியாழன் பின்னேரம் இரண்டு மணிக்கு இதே தலைப்பில் திரும்ப விவாதம். நடுவர் இன்னும் கிடைக்கவில்லை. ஊரிலுள்ள பெரியவர்கள் யாராவது வரமுடியுமென்றால் உள்பெட்டியில் சொல்லுங்கள்.