கோணல் தாடையைச் சரி செய்யலாம்! பள்ளியிலேயே பார்த்தால் என்ன?

ஒரு பக்கத் தாடை சூம்பி, முகம் கோணலாக இருக்கிற குழந்தையைக் கண்டால் காஞ்சீபுரத்திலே என்ன சொல்கிறோம்? "தாய்க்காரி கிரகணத்திலே வெளியே வந்திருப்பாள்!" பழியைத் தாய் தலையிலே போட்டுவிட்டு நம்ம வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

கிரகணத்துக்கும் தாடைக்கும் சம்பந்தமே கிடையாது. சில குழந்தைகளுக்குக் கருவிலேயே ஒரு பக்க எலும்பு சரியாக வளர்வதில்லை. சிலருக்கு அடிபட்டு வருகிறது. திண்ணையிலிருந்து குழந்தை விழும், மோவாயில் அடிபடும். ரத்தம் நின்றதும் மறந்துவிடுவோம். காதோரத்துத் தாடை மூட்டு உள்ளுக்குள் ஒட்டிக்கொண்டால் வாய் திறக்காது. அந்தப் பக்கத் தாடை வளர்ச்சியும் குன்றிப் போகும்.

இது அழகு சமாச்சாரம் மட்டும் அல்ல. சாப்பாட்டை மெல்ல முடியாது. தாடை ரொம்பச் சின்னதாக இருந்தால் தூக்கத்தில் மூச்சு அடைக்கும்.

வைத்தியம் இருக்குது! கால் எலும்பை மெல்ல மெல்ல நீட்டும் வழியை 1950-களில் காட்டியவர் சோவியத் டாக்டர் இலிசரோவ். அதே வழியில் குழந்தைகளின் தாடையை நீட்டிய விவரத்தை நியூயார்க் டாக்டர் மெக்கார்த்தி 1992-ல் வெளியிட்டார். எலும்பை வெட்டி, இரண்டு துண்டிலும் கருவியைப் பொருத்துவார்கள். சில நாள் பொறுத்துத் திருகைச் சுற்றுவார்கள். ஒரு நாளைக்கு 1 மில்லிமீட்டர்தான்! இடைவெளியில் புது எலும்பு தானே வளரும். 2 சென்டிமீட்டர் நீட்ட சுமார் 20 நாள். அது கெட்டிப்பட மேலும் 2 மாதமாவது ஆகும். எல்லோருக்கும் இது தேவைப்படாது. யாருக்கு வேண்டும் என்பதை டாக்டர்தான் சொல்லணும்.

2022-ல் சென்னைப் புறநகர்ச் சிறுமி ஒருத்தி வேறொரு நோயால் முகம் சிதைந்து தவித்தாள். செய்தி வெளியானது. அரசு தலையிட்டது. நம்ம ஊர் பஸ் போகிற வழியிலே உள்ள தண்டலம் சவீதா ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. நல்ல காரியம்! ஆனால், செய்தியில் வராத பிள்ளைக்கு யார் கதி?

பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் டாக்டர் குழு வந்து பிள்ளைகளைச் சோதிக்கும் மத்திய அரசுத் திட்டம் 2013-ல் தொடங்கியது. அதன் குறைகள் பட்டியலில் உதட்டுப் பிளவு உண்டு. தாடைக் கோணல் தனியாக இல்லை. சேர்த்தால் என்ன குறைந்துவிடும்? வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்க ஒரு நிமிஷம் போதாதா?

பெற்றோரும் மாப்பிள்ளை பார்க்கிற வயசு வரை காத்திருக்க வேண்டாம். பீச் ரயில் ஏறிக் கோட்டை ஸ்டேஷனில் இறங்கினால் எதிரே அரசு பல் ஆஸ்பத்திரி. முகம், தாடை ஆபரேஷனுக்கு அங்கே தனிப் பிரிவே உண்டு. முதலில் அங்கே போய்க் காட்டுங்கள்!